பாரம்பரியச் செடி எண் ஒன்று

காளியண்ணனைப் பற்றி யாராவது குறை சொல்லியே தீர வேண்டுமென்றால் ஒன்றே ஒன்றுதான் சொல்ல முடியும். அவருக்குக் கை சும்மா இருக்காது. முப்பத்தெட்டு வருஷம் எஸ்டேட்டில் காபிச் செடிக்குக் கவாத்து செய்த கை அது. காய் எதுவும் கொடுக்காமல் செடியின் சத்தை மட்டும் தின்றுகொண்டு நெட்டுக்கு நிமிர்ந்து வளரும் சிம்புகளை ஒடித்து ஒடித்துப் பழகிவிட்டது. ஏற்காட்டில் பஸ்ஸுக்காக அவர் அரை மணி நேரம் நின்றால், பக்கத்தில் இருக்கிற செடி எதுவானாலும் முடி வெட்டிக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூட வாசல் செம்பருத்தி, டீக்கடை குரோட்டன்ஸ், எதையும் விட்டதில்லை. அதற்காக அவரை யாரும் திட்டியதும் இல்லை. ஒரு ஹெட்மாஸ்டர் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

அந்தக் கைக்குத்தான் போன ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தொண்ணூற்றொன்பது வருஷம் தண்டனை விழுந்தது.

தண்டனை கொடுத்த தேசத்தின் பெயர் மிஸ்ட் ரிபப்ளிக். ஏற்காட்டிலிருந்து வெள்ளக்கடை போகிற ரோட்டில் இருக்கிறது. மொத்தம் நூற்றுப் பத்து வில்லாக்கள். சென்னையிலும் பெங்களூரிலும் உழைத்துக் களைத்தவர்கள் இயற்கையோடு இணைந்து வாழ வேண்டும் என்று ஆசைப்பட்டு, சுற்றிலும் பத்தடி மதில் எழுப்பி, மதில் மேல் முள்கம்பிச் சுருள் போட்டு, அதற்கு மேல் கேமராவும் வைத்து, இணைந்து வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். ரிபப்ளிக் என்று பேச்சுக்கு வைத்த பேர் இல்லை. தனிக் கொடி உண்டு. ஒன்பது கமிட்டிகளும் எண்பத்துநாலு பக்கச் சட்டப் புத்தகமும் உண்டு. வெளியாள் உள்ளே போக வேண்டுமானால், உள்ளே குடியிருப்பவர் தன் போனில் இருக்கிற ஆப்பில் சம்மதம் என்று அழுத்த வேண்டும். அப்போதுதான் கேட்டில் இருக்கிற குறுக்குக் கம்பம் மேலே எழும்பும். திரும்பி வெளியே வரவும் அதே ஆப்தான். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குக் காளியண்ணன் மகள் மலருக்கு நிச்சயதார்த்தம். மூன்று வரன்கள் தட்டிப்போய் நாலாவதாக வந்த இடம். மலர் ஏற்காட்டில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். மாப்பிள்ளை கார்த்திக் சேலத்தில் லேப் டெக்னீஷியன். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போயிருந்தது. குறுக்கே ஒரே ஒரு ஆபத்துதான். மாப்பிள்ளையின் அம்மா தங்கம்மா.

தங்கம்மா கெட்டவர் இல்லை. ஆனால் வாசல் மரியாதையில் ஒரு நூல் பிசகினாலும் பொறுக்க மாட்டார். போன வருஷம் பையனுக்காக ஒரு பெண் வீட்டுக்குப் போனபோது, பெண்ணின் அப்பா குளித்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பார்த்து "வாங்க" என்று சொல்ல ஆளில்லை. தங்கம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார். வாங்க என்று சொல்லத் தெரியாத வீட்டில் பெண் எடுத்தால் பேரன் பேத்திக்கும் சொல்லத் தெரியாது என்பது அவர் கணக்கு. இந்தக் கதை காளியண்ணன் ஊரான வெள்ளக்கடை வரைக்கும் வந்து சேர்ந்திருந்ததால், காளியண்ணனும் அவர் மனைவி கலாவதியும் மூன்றரை மணிக்கே வாசலில் போய் நின்றுவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள்.

அதற்கு நடுவில் ஒரு வேலை பாக்கி. மலருக்குப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்து, நர்ஸிங் படிக்க விண்ணப்பம் எழுதிக்கொடுத்தவர் சசிரேகா டீச்சர். ரிட்டையர் ஆகி மிஸ்ட் ரிபப்ளிக்கில் பதினாலாம் நம்பர் வில்லாவில் இருக்கிறார். மகனைப் பார்க்கச் சென்னைக்குப் போயிருந்தவர் அன்று காலையில்தான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். "டீச்சர் வராம நான் பூ வெச்சுக்க மாட்டேன்" என்று மலர் சொல்லிவிட்டாள். போனில் கூப்பிடலாம். ஆனால் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைப்பதுதானே மரியாதை? ஒரு மணிக்கு, ஊரில் வாடகைக்கு ஓட்டும் நவாஸின் ஜீப்பில் ஏறி இருவரும் கேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

காவலுக்கு நின்ற ஆண்டனி ராஜ் செம்மநத்தத்துக்காரர். காளியண்ணனோடு ஒரே எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்.

"ஏனுங்கண்ணா, இந்தப் பக்கம்?"

"டீச்சரைப் பாக்கோணும் ஆண்டனி. மலருக்கு இன்னிக்குப் பூ வெக்கறாங்க."

ஆண்டனி ராஜ் ரொம்ப சந்தோஷப்பட்டு, பேரைப் போட்டு டீச்சர் போனுக்கு அனுப்பினார். டீச்சரோ போனின் வாயை அடைத்துவிட்டு, பயண அலுப்பில் அடித்துப்போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தார். மூன்று தடவை அனுப்பியும் பதில் இல்லை. அந்த நேரம் பார்த்துத் தூறல் விழுந்தது.

"நல்ல நாளும் அதுவுமா நனையாதீங்க. இப்படிக் கம்பத்தைச் சுத்தி வந்து கூரைக்கு அடியில நில்லுங்க" என்றார் ஆண்டனி ராஜ். கம்பத்துக்கும் மதிலுக்கும் நடுவே ஓராள் நுழையும் சந்து இருந்தது. இருவரும் நுழைந்து வந்து நின்றார்கள். ஒரு தேசத்தின் எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

கூரையை ஒட்டி ஒரு வட்ட மேடை. அதைச் சுற்றிச் சங்கிலி. நடுவில் ஒரு காபிச் செடி. கருங்கல் பலகையில் 'பாரம்பரியச் செடி எண் ஒன்று' என்று பொன் எழுத்தில் செதுக்கியிருந்தார்கள். ஆறு வருஷமாக யாரும் கை வைக்காததால் உள்ளே வெளிச்சம் போக வழியில்லாமல் சிம்பு அடைத்துக்கொண்டு கிடந்தது.

"அடப்பாவமே, மூச்சு விட முடியாம நிக்குதே" என்றார் காளியண்ணன்.

"ஏனுங்க, சும்மா இருங்க" என்றார் கலாவதி.

"சும்மாதான இருக்கேன்" என்றார் காளியண்ணன். அப்போதே நாலு சிம்பு கீழே கிடந்தது.

மொத்தம் பதினாறு நிமிஷம் என்று பிற்பாடு கேமரா சாட்சி சொன்னது. இருபத்துமூன்று சிம்புகள். இருபத்துநாலாவதுக்குக் கை போனபோது, பேட்டரி வண்டியில் ஒரு அம்மாள் வந்து இறங்கினார். பாரம்பரியம் மற்றும் பசுமைக் கமிட்டியின் அமைப்பாளர் சுஜாதா. செடியைப் பார்த்தார். கீழே கிடந்ததைப் பார்த்தார். காளியண்ணன் விரலைப் பார்த்தார். பிறகு கழுத்தில் தொங்கிய ஒரு பொத்தானை அழுத்தினார். குடியிருப்பு முழுக்க சைரன் ஊளையிட்டது. எங்கோ தீப்பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்த காளியண்ணன், பாவம், வாளி தேடினார்.

அவர்களை அழைத்துக்கொண்டு போன இடத்துக்கு கிளப் ஹவுஸ் என்று பேர். கமிட்டி கூடினால் பார்லிமென்ட். தலைவர் பாலகுமார் ஒரு பெரிய இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம் விண்ணப்பங்களை நிராகரித்து ஓய்வு பெற்றவர். கோட்டு போட்டுக்கொண்டு வந்து நடுவில் உட்கார்ந்தார். பக்கத்தில் சுஜாதா. எதிரே மேசையில் இருபத்துமூன்று சிம்புகளும் தனித்தனிப் பிளாஸ்டிக் கவரில் நம்பர் ஒட்டி அடுக்கப்பட்டிருந்தன.

காளியண்ணன் மடியில் போன் அடித்தது. மலர்.

"அப்பா, எங்கிருக்கீங்க? அவங்க வேன் அடிவாரம் வந்துருச்சாம். மொத வளைவு ஏறப்போறாங்களாம்."

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு பலகையில் எண் போட்டிருப்பதால் யார் எங்கே வருகிறார்கள் என்று சொல்வது சுலபம். "வந்துர்றோம் கண்ணு" என்று சொல்லிவிட்டுக் காளியண்ணன் எழுந்து நின்றார்.

"இயற்கைக்காகத்தான் நாங்க இந்த மலைக்கே வந்தோம்" என்று தலைவர் ஆரம்பித்தார். "அதனால இயற்கையைத் தொடக்கூடாதுங்கிறது எங்க முதல் சட்டம். ஆறு வருஷமா இங்க ஒரு செடியையும் ஒருத்தரும் தொட்டதில்லை. தண்ணிகூட மெஷின்தான் விடுது. எந்தச் செடிக்கு என்ன பேருன்னு எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியாது. அந்த அளவுக்கு மரியாதை வெச்சிருக்கோம். நீங்க என்னடான்னா வந்து பதினாறு நிமிஷத்துல..." மேசை மேலிருந்த கவர்களைக் கை நீட்டிக் காட்டினார்.

"சிம்புங்க அது. விட்டா செடியைக் கொன்னுரும்ங்க" என்றார் காளியண்ணன்.

"அது செடியோட பர்சனல் விஷயம்" என்றார் சுஜாதா.

"உள்ளூர் மக்கள் மேல எங்களுக்கு வெறுப்புன்னு நினைச்சுடாதீங்க" என்று தலைவர் சுவரைக் காட்டினார். அங்கே ரிபப்ளிக்கின் சின்னம். தலையில் முண்டாசு, முதுகில் கூடையோடு காபிப் பழம் பறிக்கும் ஒரு பெண். "உங்களைத்தான் சின்னமாவே வெச்சிருக்கோம்."

கலாவதி எட்டிப் பார்த்தார். "மொகம் வரையலீங்களே?"

"அது வேணும்னுதான் விட்டது" என்று சுஜாதா விளக்கினார். "முகம் வரைஞ்சா யாருன்னு கேள்வி வரும். யாருன்னு வந்தா ஐடி புரூஃப் வாங்கணும். ஐடி இல்லாம சுவத்துல ஒருத்தரை எப்படி உள்ள வெச்சிருக்க முடியும்?"

விசாரணை நடந்தது. உபயோகித்த ஆயுதம் என்ன என்று கேட்டார்கள். காளியண்ணன் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டிக் காட்டினார். ஆயுதத்தைக் கமிட்டியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டத்தில் இருந்ததால் கொஞ்ச நேரம் குழப்பம். கடைசியில் போட்டோ எடுத்துக்கொண்டு ஆயுதத்தை அவரிடமே விட்டுவைத்தார்கள். அனுப்பியது யார் என்று அடுத்த கேள்வி. பக்கத்தில் ஃபாக் கிங்டம் என்று புதிதாக ஒரு குடியிருப்பு வருகிறதாம், அவர்களுடைய ஆளா என்று தலைவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"யாரும் அனுப்பலீங்க. கை சும்மா இருக்கல, அவ்வளவுதாங்க."

"குற்றவாளி கையைக் காட்டிக் கொடுத்தார்" என்று சுஜாதா மினிட்ஸ் நோட்டில் எழுதிக்கொண்டார்.

மறுபடி மலர். "அப்பா, ஆறாவது வளைவாம். எங்கதான் இருக்கீங்க? அம்மாகிட்டக் குடுங்க." கலாவதி போனை வாங்கி, "டீச்சர் ஊட்டுல பேசிட்டு இருக்கோம் சாமி" என்று பொய் சொல்லிவிட்டு முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்று மணிக்குத் தீர்ப்பு வந்தது. எண்பத்துநாலு பக்கத்திலும் தேடிப் பார்த்து, இப்படி ஒரு குற்றத்துக்குத் தண்டனை எழுதப்படவில்லை என்று கண்டுபிடித்து, புதிதாக எழுதியே படித்தார்கள். காளியண்ணனும் கலாவதியும் தொண்ணூற்றொன்பது வருஷங்களுக்கு மிஸ்ட் ரிபப்ளிக்கில் கால் வைக்கக் கூடாது. அதற்கு முன்பு செடியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இருபத்துமூன்று சிம்புகளையும் நம்பர்படி அதனதன் இடத்தில் பச்சை டேப்பால் ஒட்டிக் கட்ட வேண்டும்.

காளியண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "சார், என்ற பொண்ணுக்கு நாலு மணிக்கு நிச்சயமுங்க. நான் வாசல்ல நிக்கோணும். இல்லீன்னா வந்தவங்க திரும்பிப் போயிருவாங்க. இன்னிக்கு விட்டுருங்க, நாளைக்குக் காலையில வந்து என்ன தண்டனைன்னாலும் வாங்கிக்கறேனுங்க."

"எப்படி வருவீங்க?" என்றார் தலைவர் வருத்தத்தோடு. "நாளைக்கு உங்களுக்குத் தடை இருக்கே."

சரி, கட்டிவிட்டாவது ஓடிவிடலாம் என்று கலாவதி டேப்பைக் கையில் எடுத்தார். அதுவரை கும்பிட்டுக்கொண்டே நின்ற மனுஷன் அங்கேதான் சீறினார்.

"வெய்யி அதைக் கீழ! செத்த குச்சியைக் கொண்டு போய்ப் பச்சைச் செடியில கட்டறதா? செடி அழுகிப்போயிரும். அந்தப் பாவத்தை நான் பண்ண மாட்டேன். வேணும்னா என்னைக் கட்டிப் போடுங்க."

"செடியில் கட்டப்படுவதற்கு மாற்று ஏற்பாடாகக் குற்றவாளி தன்னையே வழங்க முன்வந்தார், கமிட்டி பரிசீலிக்கும்" என்று சுஜாதா எழுதினார். பரிசீலித்தார்கள். ஐந்தடி ஆறு அங்குலமுள்ள ஆளைக் கட்டினால் செடி தாங்காது என்று பெரும்பான்மையோர் கருதினார்கள். அதனால் கருணையின் அடிப்படையில், உடனடி நாடுகடத்தல் மட்டும் போதும் என்று முடிவாயிற்று.

கேட்டுக்கு ஊர்வலமாக வந்தார்கள். வெளியே ஜீப்பில் நவாஸ் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே காத்திருந்தான். ஐந்து நிமிஷத்தில் வீடு. காளியண்ணனுக்கு உயிர் வந்தது.

ஆண்டனி ராஜ் ஆப்பைத் தட்டினார். மறுபடி தட்டினார். "சார், எக்ஸிட் போட மாட்டேங்குது. டீச்சரம்மா இன்னும் சம்மதம் குடுக்கல. என்ட்ரியே ஆகலீங்க."

"அப்படின்னா?"

"இவங்க இன்னும் உள்ள வரலைன்னு காட்டுதுங்க."

தலைவர் ரொம்ப நேரம் யோசித்தார். "உள்ள வராதவங்களை எப்படி வெளியே அனுப்புறது?"

"அப்ப நாங்க எங்கீங்க இருக்கோம்?" என்று கலாவதி கேட்டார். நியாயமான கேள்வி. டீச்சர் வில்லாவைத் தட்டி எழுப்பலாமே என்று ஆண்டனி ராஜ் மெல்லச் சொல்லிப் பார்த்தார். மத்தியானம் இரண்டு முதல் ஐந்து வரை அமைதி நேரம், மணி அடித்தால் அது தனிக் குற்றம் என்றார் சுஜாதா. சைரனை அடித்தவரும் அவர்தான்.

"வந்த சந்து வழியாவே போயிர்றோமுங்க" என்றார் காளியண்ணன்.

"தாராளமா போங்க" என்றார் சுஜாதா. "ஆனா அது காவல்ல கோட்டை விட்டதா ஆகும். ஆண்டனியை இன்னிக்கே வேலையை விட்டு எடுத்துடுவோம்."

காளியண்ணன் ஆண்டனி ராஜைப் பார்த்தார். "நீங்க போங்கண்ணா, நான் பாத்துக்கறேன்" என்றார் ஆண்டனி ராஜ். சொன்ன குரலே சரியில்லை. காளியண்ணன் நகரவில்லை. கலாவதி மட்டும் சன்னமாக, "மழைக்கு நனைஞ்சிருக்கலாம் நாம" என்றார்.

மூன்றே முக்காலுக்கு மலர் கூப்பிட்டாள். "ஒம்பதாவது வளைவுல மாப்பிள்ளையோட சித்தப்பாவுக்கு வாந்தியாம்ப்பா. நிறுத்தி இப்பத்தான் எடுத்தாங்க. பதிமூணு தாண்டிட்டாங்க."

முகம் தெரியாத அந்தச் சித்தப்பாவுக்குக் காளியண்ணன் மனசுக்குள் நன்றி சொன்னார். இன்னும் இரண்டு வாந்தி எடுத்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். பிறகு மூச்சை இழுத்து விட்டு, மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தூறலும், சந்தும், சிம்பும், இப்போது அவர் உள்ளேயும் இல்லை வெளியேயும் இல்லை என்பதும்.

மலர் அழுதுவிடுவாளோ என்று பயந்தார். அவள் அழவில்லை.

"அப்பா, நவாஸ் அண்ணனை இங்க அனுப்புங்க. நானே அங்க வர்றேன். வேன் எப்படியும் அந்த கேட்டைத் தாண்டித்தான வரோணும்? அங்கயே நிறுத்தச் சொல்றேன். என்ன ஆவுதோ ஆவட்டும்."

நாலேகால் மணிக்கு வேன் வந்து கேட்டுக்கு எதிரே நின்றது. முதலில் இறங்கியவர் தங்கம்மா. பட்டுச் சேலை, நெற்றியில் பெரிய பொட்டு. பின்னால் பதிமூன்று பேர், கையில் தட்டுகளோடு. வெளிறிய முகத்தோடு சித்தப்பா. ஒரு ஓரமாக, நவாஸின் ஜீப் பக்கத்தில் நின்ற மலரைப் பார்த்துக் கார்த்திக் மட்டும் லேசாகச் சிரித்தான்.

காளியண்ணனும் கலாவதியும் குறுக்குக் கம்பத்தை ஒட்டி வந்து நின்றார்கள். கை கூப்பினார்கள்.

"வாங்க சம்பந்தி, வாங்க. வாங்க மாப்பிள்ளை. சித்தப்பா வாங்க, இப்ப எப்படிங்க இருக்குது? அக்கா வாங்க. பாப்பா வா கண்ணு."

"நிறுத்துங்க!" என்று தலைவர் ஓடி வந்தார். "யாரைக் கேட்டு வாங்கன்னு சொல்றீங்க? இந்த கேட்டுல அதைச் சொல்ற உரிமை வில்லா ஓனருக்கு மட்டும்தான், அதுவும் ஆப் மூலமா. ஆறு வருஷத்துல ஒரு தடவைகூட இங்க யாரும் யாரையும் வாய் திறந்து வாங்கன்னு சொன்னதில்லை. அந்த ரெக்கார்டை உடைச்சிட்டீங்களே!"

தங்கம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "இவரு யாருங்க சம்பந்தி?"

"தலைவருங்க."

"நீங்க எதுக்கு உள்ள நிக்கறீங்க?"

காளியண்ணன் தலையைக் குனிந்தார். மூன்று வரன்கள் போனது நினைவுக்கு வந்தது. பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. "செடிக்குக் கவாத்து பண்ணிட்டேனுங்க. கேக்காம பண்ணிட்டேன். பிடிச்சு வெச்சுட்டாங்க. உங்களை ஊட்டு வாசல்ல நின்னு கூப்பிட முடியல. எங்க மேல தப்புத்தானுங்க."

தங்கம்மா செருப்பைக் கழற்றவில்லை. அதை மலர் பார்த்தாள், கலாவதி பார்த்தார், கார்த்திக்கும் பார்த்தான். தங்கம்மா செடியைப் பார்த்தார். மேசையோடு கொண்டுவந்து கேட்டருகே வைக்கப்பட்டிருந்த இருபத்துமூன்று கவர்களைப் பார்த்தார். கூடி நின்ற கமிட்டியையும் ஒரு பார்வை பார்த்தார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்று தன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இறங்குனவங்கள்ல யாரையாவது வாங்கன்னு சொல்லாம விட்டாரா?"

"என்னையக்கூட வாந்தி நின்னுதான்னு கேட்டாரு" என்றார் சித்தப்பா.

"அப்பறம் என்னங்க? வாங்கன்னு சொன்ன எடம்தான் வாசல்." தங்கம்மா செருப்பை ரோட்டிலேயே கழற்றி விட்டார். "தட்டை எடுங்க. நல்ல நேரம் போவுது."

மிஸ்ட் ரிபப்ளிக்கின் எல்லைக் கம்பத்தின் மேல் வெள்ளைத் துண்டை விரித்தார்கள். ஒரு பக்கம் பெண்ணின் அப்பா அம்மா, மறுபக்கம் மாப்பிள்ளை வீட்டாரும் பெண்ணும். வெற்றிலைத் தட்டு கம்பத்தைத் தாண்டும்போது தலைவர் மறுபடி கையை நீட்டினார். பொருள் எதுவும் பதியாமல் உள்ளே போகக் கூடாதாம். ஆண்டனி ராஜ் நோட்டைத் திறந்து, வெற்றிலை ஒரு கட்டு, தேங்காய் இரண்டு, வாழைப்பழம் ஒரு சீப்பு, குங்குமம் என்று எழுதிவிட்டு, "திரும்பப் போறதுங்களா, போகாததுங்களா?" என்று தங்கம்மாவைக் கேட்டார்.

"பொண்ணு எங்களோட வந்துருவா. தட்டு அவங்களோட இருக்கட்டும். அப்படியே எழுதிக்க சாமி" என்றார் தங்கம்மா. ஆண்டனி ராஜ் அப்படியே எழுதிக்கொண்டார்.

அதற்குள் நடைப்பயிற்சிக்கு வந்த வில்லாக்காரர்கள் கூடிவிட்டார்கள். இப்படி ஒரு கலை நிகழ்ச்சி இருப்பதை ஏன் ஆப்பில் போடவில்லை என்று ஒருவர் சுஜாதாவிடம் கோபித்துக்கொண்டார். கம்பத்தில் விசேஷம் நடத்தத் தனி அனுமதி வாங்க வேண்டுமா என்று தலைவர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, தங்கம்மா ஒரு வெற்றிலையில் பாக்கும் பழமும் வைத்து அவர் முன்னால் நீட்டினார். "பெரியவங்க நிக்கறீங்க. ரெண்டு புள்ளைங்களையும் ஒரு வார்த்தை வாழ்த்துங்க."

நீட்டியதை வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. "மிஸ்ட் ரிபப்ளிக் சார்பாக..." என்று தொடங்கி அப்படியே நின்றுவிட்டார்.

சசிரேகா டீச்சர் வந்தது அப்போதுதான். தூங்கி எழுந்து போனைப் பார்த்தால், ஆண்டனி ராஜ் விடாமல் அனுப்பியதில் பதினேழு தடவை காளியண்ணன் பேர். பதறிப்போய்ச் சம்மதத்தை அழுத்திக்கொண்டே அரைகுறைக் கொண்டையோடு ஓடிவந்தார். கம்பம் ஒரு குலுக்குக் குலுக்கி, துண்டையும் தூக்கிக்கொண்டு மேலே போனது. டீச்சர் நேரே வெளியே நடந்து போய், தங்கம்மா கையிலிருந்த பூவை வாங்கி மலர் தலையில் வைத்தார். மலர் அப்போதுதான் அழுதாள்.

மிஸ்ட் ரிபப்ளிக்கின் பதிவேட்டில் இன்றைக்கும் இருக்கிறது. காளியண்ணன், கலாவதி: உள்ளே நாலு ஐம்பது, வெளியே நாலு ஐம்பத்தொன்று. குற்றம் நடந்தது ஒன்றரை மணிக்கு. செய்தவர்கள் அப்போது உள்ளேயே இல்லை. ஆனாலும் தடை மட்டும் நிலைத்தது.

தை மாதம் கல்யாணம் முடிந்தது. பங்குனியில் காபியைப் பூக்கவைக்கிற பூ மழை பெய்து பத்தாம் நாள், எண் ஒன்று செடி அடியிலிருந்து நுனி வரை வெள்ளை வெளேரென்று பூத்து, குடியிருப்பு முழுக்க மணத்தது. மற்ற இருநூற்று நாற்பது காபிச் செடிகளிலும் ஆளுக்கு நாலு பூ, அவ்வளவுதான். முதலில் பசுமைக் கமிட்டியின் விஞ்ஞான முறைக்குக் கிடைத்த வெற்றி என்று சுஜாதா அறிக்கை விட்டார். அப்படியானால் அதே விஞ்ஞானத்தை மற்ற செடிகளுக்கும் காட்டுங்கள் என்று வில்லாக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைவர் பாலகுமார் வெள்ளக்கடைக்கு வழி கேட்டுக்கொண்டு தனியாக வந்து சேர்ந்தார்.

"வாங்க சார், வாங்க" என்று காளியண்ணனும் கலாவதியும் வாசலுக்கு வந்தார்கள்.

தலைவர் வாசற்படியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். "எங்க கையெழுத்துப் போடணும்?"

உட்கார வைத்தார்கள். வந்த விஷயத்தைச் சொன்னார். "வரலாமுங்க. ஆனா இன்னும் தொண்ணூத்தெட்டு வருஷம் பாக்கி இருக்குதுங்களே" என்றார் காளியண்ணன். குறும்பா வருத்தமா என்று முகத்தில் தெரியவில்லை.

"தடையை நீக்கணும்னா பொதுக்குழுவுக்கு எழுபது பேர் வரணும். ஆறு வருஷத்துல பதினோரு பேருக்கு மேல வந்ததில்லை" என்றார் தலைவர் பரிதாபமாக.

"அப்ப நீங்களே கத்துக்கங்க சார். ஒண்ணும் கஷ்டமில்லீங்க." வீட்டு முன்னால் கலாவதி நாற்றாக வாங்கி வந்து ஐந்து வருஷமாக வளர்த்த காபிச் செடி பூவோடு நின்றது. நெட்டுக்கு நிற்பது சிம்பு, பக்கவாட்டில் போவது காய்க்கிற கிளை என்று காட்டிக் கொடுத்துவிட்டு, கத்தி எடுக்கக் காளியண்ணன் உள்ளே போனார்.

தலைவர் செடியைப் பார்த்தார். ஆறு வருஷமாக எந்தச் செடியையும் தொடாத கை. செடிப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, விரலை மெல்லக் கொண்டுபோய் ஒடித்தார். 'பட்' என்று சத்தம் கேட்டது. கையில் வந்தது சிம்பு இல்லை. முழுக்கப் பூத்த காய்க்கிற கிளை.

காபி டம்ளரோடு வந்த கலாவதி பார்த்துவிட்டு அப்படியே நின்றார். அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. தலைவர் சடாரென்று எழுந்து, கிளையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கேமரா எதுவும் இல்லை. அது அவரை இன்னும் கலங்க வைத்தது.

"அம்மா, தெரியாம செஞ்சுட்டேன். இதுக்கு... இங்க என்ன ப்ரொசீஜர்?"

கலாவதி கிளையை அவர் கையிலிருந்து வாங்கி, தண்ணீர்ச் செம்பில் வைத்தார்.

"ப்ரொசீஜர் ஒண்ணுமில்லீங்க. காபி ஆறுது, உக்காந்து குடிங்க. டிபன் சாப்பிட்டுத்தான் போவோணும்."